கண்ணாடிப் பெட்டிக்குள் கருவறையா?

கைகூப்பி நின்றார் முதியவர் ஒருவர். காலணிகளைக் கூடத்தின் ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் எதிரே இருந்தது கோயில் அன்று, கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் இருந்தது ஐம்பொன் சிலை அன்று. கறுப்பும் சிவப்புமான ஒரு மட்கலம். உடன் வந்த இளைஞர் நம் தோளைத் தொட்டு, "பார்த்தீர்களா, பானைக்கும் பூசை தொடங்கிவிட்டது!" என்றார். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகே சிந்தித்தோம். சிந்தித்த பிறகு வெட்கினோம். ஏன் வெட்கினோம் என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறோம். முதலில் இடத்தைச் சொல்லிவிடுவோம்.

கீழடி அருங்காட்சியகம்! நத்தத்தில் பேருந்து ஏறி, மதுரையின் வாயிலில் நத்தம் சாலைக்கு மேலே ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் மேம்பாலத்தைக் கடந்து, மாநகரின் நெரிசலில் நீந்தி, தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் அங்கே சேரலாம். கொந்தகையில், இரண்டு ஏக்கர் நிலத்தில், 31,000 சதுர அடிப் பரப்பில், 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுத் தமிழ்நாடு அரசு எழுப்பிய கட்டடம். 2023 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்திற்கு மக்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. உயிரற்ற பொருள்களைக் கூட்டி வைத்த இடம், வேடிக்கை பார்த்துவிட்டு வெளியேறும் இடம் என்பது அந்நாளைய எண்ணம். கீழடியிலோ தாய் தன் மகளிடம் ஓட்டிலே கீறிய எழுத்தைக் காட்டி, "இது 'ஆ' போலவா இருக்கிறது?" என்று கேட்கிறாள். அந்த அளவில் இது செத்த கல்லூரி அன்று, உயிருள்ள பள்ளிதான்.

எனினும், நல்ல பள்ளியைத்தான் நன்கு ஆராய வேண்டும். பாராட்டு மாலையைச் சூட்டிவிட்டுப் பேருந்து ஏறிவிடுவது நம் வேலை அன்று.

முதலில் பாராட்டு. அருங்காட்சியகம் என்றாலே அரசனின் வாள், அரசியின் அணி, அவர்கள் அமர்ந்த இருக்கை, அவர்கள் ஊர்ந்த பல்லக்கு என்று பழகிப்போன கண்கள் நமக்கு. இங்கே வரிசை வேறு. வேளாண்மையும் நீர் மேலாண்மையும் ஒரு பிரிவு. மட்கலம் வனைதல் ஒரு பிரிவு. ஆடையும் அணிகலனும் ஒன்று. கடல்வழி வணிகம் ஒன்று. மக்கள் வாழ்வியல் ஒன்று. இவற்றோடு மதுரையையும் கீழடியையும் இணைத்துக் காட்டும் பிரிவையும் சேர்த்தால் ஆறு. அரசர் வரிசை அன்று இது, உழைப்பின் வரிசை! நூல் நூற்ற தக்கிளியின் மண்குண்டு, தறியில் பயன்பட்ட எலும்பு முனை, யானைத் தந்தச் சீப்பு, பகடைக் காய், நூற்றுக்கணக்கான ஆட்டச் சில்லுகள், உறைகிணறு, கூரை ஓடு ஆகியவையே அந்த மண் தந்த செல்வங்கள். ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களோ ஆதன், குவிரன் என்பன போன்றவை. பட்டமும் இல்லை, விருதும் இல்லை. பானையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளத் தெரிந்த மனிதர்கள் வைகைக் கரையில் வாழ்ந்தார்கள் என்ற ஒரு செய்திக்காகவே நத்தத்திலிருந்து நடந்துகூடப் போகலாம்.

இனித் திறனாய்வு.

கட்டடத்திலிருந்தே தொடங்குவோம். செட்டிநாட்டுப் பாணியில் எழுப்பியிருக்கிறார்கள். அழகுதான், கைவினைஞர் திறமைக்குச் சான்றுதான். ஆனால் செட்டிநாட்டு மாளிகைகள், நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் கடந்து பொருளீட்டிய வணிகர் எழுப்பியவை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு மூத்த செங்கல் சுவரையும் ஓட்டுக் கூரையையும் விளக்க வந்த இடத்திற்குச் செல்வரின் மாளிகையைச் சட்டையாக அணிவித்தால், சிறுவன் மனத்தில் பதிவது எது? "கீழடி மக்கள் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தார்கள்" என்று ஒரு சிறுவன் தன் தங்கைக்கு விளக்கியதை நம் காதாலேயே கேட்டோம். பொருள் பேச வேண்டிய இடத்தில் தூண் முந்திக்கொண்டு பேசிவிட்டது!

அடுத்து, இதனினும் பெரிய கேள்வி. அருங்காட்சியகத்தில் இருவகைக் காட்சிகள் உண்டு. ஒன்று நிலையான காட்சி; ஆண்டாண்டுக் காலம் அதே பெட்டி, அதே பொருள், அதே விளக்க அட்டை. மற்றொன்று தற்காலிகக் காட்சி. ஒரு திங்களோ ஆறு திங்களோ வைத்து, ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு, விலகிக்கொள்வது. முதலாவது பெருமைக்குரியது என்றும், இரண்டாவது விழாக் காலத்து அலங்காரம் என்றும் பலர் எண்ணுகிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. நிலைக்காட்சி ஒரு நிறுவனத்தின் நினைவு என்றால், தற்காலிகக் காட்சி அதன் மனச்சான்று. நினைவு மட்டும் இருந்து மனச்சான்று உறங்கினால், கண்ணாடிப் பெட்டி கருவறையாகும், விளக்க அட்டை வேதமாகும், காவலர் பூசாரியாவார்.

இது வெறும் சொல்லடுக்கு அன்று. கி.மு. 580 என்ற ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இன்று தமிழ்ப் பிள்ளைகளின் நாவில் வாய்ப்பாடுபோல் வரும் எண் அது. எங்கிருந்து வந்தது? 2018-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது வெவ்வேறு ஆழங்களில் எடுத்த ஆறு கரிமாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குரிய காலம் கி.மு. 580, 200 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205. 2019 செப்டம்பரில் வெளியான அறிக்கை இதனை உலகிற்கு உரைத்தது. மரமோ செடியோ மடிந்தபின் அதிலுள்ள கதிரியக்கக் கரி 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சிய அளவை எண்ணிக் காலத்தைக் கணக்கிடுவர். இது மந்திரம் அன்று, கணக்கு. கணக்கு என்பதால் அதனைச் சரிபார்க்கலாம், கேள்வி கேட்கலாம், புதிய மாதிரி கிடைத்தால் திருத்தலாம். கரியின் காலம் அருகே கிடைத்த எழுத்துக்கும் பொருந்துமா, மண்ணடுக்கு கலையாமல் இருந்ததா என்று அறிஞர்கள் கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும்.

முன்னர் என்ன சொன்னார்கள்? மாங்குளத்துக் குன்றில் உள்ள தமிழி எழுத்தைக் கண்ட அறிஞர்கள், அவ்வெழுத்து கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என நெடுங்காலம் கருதினர். பின்னர், நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்கு அருகில் உள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசன் அகழ்ந்தார். ஈமக்குழி ஒன்றில் நெல் நிரம்பிய கலமும், அதனருகே எழுத்துப் பொறித்த தாங்கியும் கிடைத்தன. நெல்லைச் சோதித்தபோது வந்த காலம் கி.மு. 490. அதன் பின்னரே கீழடியின் கி.மு. 580. 2025 சனவரியில் வெளியான மற்றோர் அறிக்கையோ, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே கொண்டு சென்றது. ஒரு தலைமுறைக்குள் இத்தனை மாற்றம்! எனில், நிலையான காட்சியில் நிலையானது யாது? பொருள் ஒன்றுதான். பொருளைப் பற்றிய நம் அறிவு நாளும் நகர்வது. அந்த நகர்வைக் காட்டாத அட்டை, அறிவின் ஒரு நாளை மட்டும் ஆணியடித்து மாட்டிய அட்டை. "கி.மு. 580" என்று எழுதினால் போதாது, "இப்படி அறிந்தோம், இதற்கு முன் இப்படி நினைத்தோம், இந்த ஐயம் இன்னும் தீரவில்லை" என்று மூன்று வரி சேர்த்து எழுத வேண்டும். அந்த மூன்று வரியே பகுத்தறிவு. முதல் வரி வெறும் தகவல்.

அகழ்வின் கதையையும் காட்சியாக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை 2015-இல் தொடங்கியது. முதல் இரு கட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர் அமர்நாத் இராமகிருஷ்ணன். 2017-இல் அவர் அசாமிற்கு மாற்றப்பட்டார். 2018 முதல் மாநிலத் துறை பணியை ஏற்றது. 2023 சனவரியில் அவர் அளித்த 982 பக்க அறிக்கை, 2025 மே திங்களில் திருத்தம் கேட்டுத் திருப்பியனுப்பப்பட்டது. அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். இரு தரப்பு வாதங்களும் ஒரு மேசையின் மீது அடுத்தடுத்து வைக்கப்பட்டால், பள்ளிப் பிள்ளை என்ன கற்பான்? வரலாறு வானத்திலிருந்து இறங்குவதில்லை. மண்ணைத் தோண்டுகிறவர்களும் கோப்பைத் தள்ளுகிறவர்களும் சேர்ந்தே அது உருவாகிறது என்று கற்பான். கருத்து மாறுபாடு அறிவுலகில் இழுக்கு அன்று, மறைப்பதே இழுக்கு. தற்காலிகக் காட்சிக்கு இதனினும் தகுந்த பொருள் வேறு உண்டா?

இனி நம் தோழர்களிடம் ஒரு சொல், கசந்தாலும் கேளுங்கள். "கீழடியில் கடவுள் இல்லை, ஆகவே பழந்தமிழர் நாத்திகர்" என்று மேடையில் முழங்குகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். வழிபாட்டுக்குரியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பொருள் அங்கே வெளிப்படவில்லை என்று ஆய்வாளர் கூறியது உண்மை. ஆனால் 110 ஏக்கர் பரந்த மேட்டில் தோண்டியது சிறு பகுதியே. "கிடைக்கவில்லை" என்பதும் "இருக்கவில்லை" என்பதும் ஒன்றா? அருகே கொந்தகையில் முதுமக்கள் தாழிகள் கிடைத்துள்ளன. இறந்தவரோடு கலங்களையும் வைத்துப் புதைத்த மக்கள், இறப்புக்குப் பின் யாதொன்றும் எண்ணாதவர்களா? நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு, பிறர் நம்பிக்கையை நகையாடும் துணிவைவிடப் பெரிது. வேண்டிய விடையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு மண்ணைத் தோண்டுவது மதவாதியின் வழக்கம். அது நமக்கு வேண்டா.

மற்றொரு வெற்றிடமும் உண்டு. நான்காம் கட்ட அகழ்வில் ஏழு பொன் அணித் துண்டுகள் கிடைத்தன. மட்கல ஓடுகளோ மலைமலையாகக் கிடைத்தன. பொன்னை அணிந்தவள் யார்? பானையைச் சுமந்தவள் யார்? உறைகிணற்றை வெட்டியவன் அதில் நீர் மொண்டானா? ஏற்றத்தாழ்வு அங்கே இருந்ததா, இருந்ததாயின் எவ்வடிவில்? விடை இல்லாமல் இருக்கலாம். எனினும் கேள்வி இருக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பெட்டியை வெறுமையாக வைத்து, அதன் மேல் இக்கேள்விகளை மட்டும் எழுதி வைத்தால், பொன் வைத்த பெட்டியைவிட அது மிகுதியாகப் பேசும்.

இந்தச் சிந்தனையோடுதான் அந்த முதியவரிடம் சென்றோம். "ஐயா, பானையையா கும்பிட்டீர்கள்?" என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "பானையை இல்லை தம்பி, வனைஞ்ச கையை. எங்க குடும்பத்துக்கு இதுதான் தொழில்" என்றார். பிறகு பெட்டியைச் சுட்டிக் காட்டி, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் எப்படி வந்தன என்று விளக்கலானார்: சூளையில் கலத்தைக் கவிழ்த்து அடுக்கினால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். ஆய்வாளர் எழுதும் விளக்கமும் இதுவே! நாம் அட்டையைப் படித்துக் காலத்தை அறிந்தோம். அவர் கலத்தைப் பார்த்தே தொழிலை அறிந்தார். நகையாடிய நாம் மாணவர்; நகைப்புக்கு ஆளானவர் ஆசிரியர். வெட்கினோம் என்றோமே, அது இதற்காகத்தான். அவருடைய சக்கரத்தை அந்தக் கூடத்திலேயே ஒரு திங்கள் சுழலவிட்டு, அவருக்கு முறையான ஊதியமும் அளித்தால், அதுவல்லவா உயர்ந்த தற்காலிகக் காட்சி!

திரும்பும் வழியில் நம் ஊரைப் பற்றி நினைத்தோம். நத்தத்தின் வரலாறு எந்தப் பெட்டியில் இருக்கிறது?

1755-ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவர் அலெக்சாந்தர் ஹெரான், தெற்கே பாளையங்களில் வரி தண்டச் சென்றவர், மதுரைக்கு அருகில் கோயில்குடியில் கோயிலைத் தாக்கிச் செப்புத் திருமேனிகளைக் கவர்ந்தார். இன்றைய திருமோகூரே அவ்வூர் என்பர் ஆய்வாளர். மீட்க ஐயாயிரம் ரூபாய் கேட்டார், கிடைக்கவில்லை, மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டார். மே திங்களின் இறுதியில் திருச்சிராப்பள்ளி நோக்கித் திரும்பிய படை நத்தம் கணவாயின் அடர்காட்டு வழியே வந்தபோது, கள்ளர் நாட்டு மக்கள் பாய்ந்து தாக்கித் தங்கள் சிலைகளை மீட்டுச் சென்றனர். ஹெரான் பின்னர் படை மன்றத்தின் விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார்.

இச்செய்தியை நமக்கு விரிவாக எழுதி வைத்தவர் யார்? இராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர். கவர்ந்து சென்றவர்களின் ஏட்டில் மீட்டவர்கள் கொள்ளையர்! பிற்காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமையை 1911-இல் விரிவாக்கி, பிறப்பாலேயே திருடர் என்று மக்களை முத்திரை குத்திய ஆட்சியும் அதுவே. காட்சிப் பெட்டியின் அட்டையை எழுதும் கை எவருடையது என்பது எத்துணைப் பெரிய கேள்வி என்பதற்கு, நத்தம் கணவாயைவிட நல்ல சான்று வேண்டுமா?

பகுத்தறிவாளர்களாகிய நாம் சிலை மீட்ட கதையைச் சொல்லலாமா என்று தோழர் ஒருவர் தயங்கினார். சொல்லலாம், சொல்ல வேண்டும். மூட்டைக்குள் கிடந்த சாமி தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. காட்டில் நின்ற மக்கள் சாமியைக் காத்தார்கள். உள்ளதை உள்ளவாறு சொன்னாலே போதும். உண்மை தன் வேலையைத் தானே செய்யும்.

ஹெரான் ஒருவர்தானா? 1876-இல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய யாகோர், கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 முதல் அங்கே அகழ்ந்த அலெக்சாந்தர் ரீ சேகரித்தவை சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. பொருள் பிறந்த மண்ணிலேயே காட்சிக்கூடம் திறக்கப்பட 2023 ஆகஸ்டு வரை ஊர் மக்கள் காத்திருந்தார்கள். பொருளை எடுத்துச் செல்வது எளிது. திருப்பித் தருவதற்குத்தான் நூற்றாண்டு வேண்டியிருக்கிறது.

ஆகவே, நத்தத்துத் தோழர்களே, கோடி ரூபாய்க் கட்டடத்திற்காகக் காத்திராதீர்கள். நம் படிப்பகத்தில் நான்கு மேசை போடுங்கள். ஒரு மேசையில் 1755: கணவாயின் வரைபடம், ஓர்ம் சொன்னது ஒருபுறம், நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லுவது மறுபுறம், இரண்டும் மாறுபட்டால், மாறுபாட்டையும் எழுதுங்கள். ஒரு மேசையில் நம் பாட்டன் பாட்டியர் கையாண்ட கமலைச் சால், மரக்கால், திருகை, மத்து. ஒரு மேசையில் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை! ஆம், ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவருக்குத் தனிக் குவளையும் வைத்த இழிவை நம் வட்டாரம் அறியாததா? ஊர் வரலாறு என்றால் பெருமை மட்டும் அன்று. வாழ்வில் ஒழிய வேண்டிய அப்பொருள் அருங்காட்சியகத்தில் மட்டும் நிலையாக இருக்கட்டும். நான்காம் மேசையை வெறுமையாக விடுங்கள். ஏடும் எழுதுகோலும் வையுங்கள். நிலமும் பட்டயமும் வாளும் வழிவழியாகப் பெறாத வீட்டார் தங்கள் கதையை அதில் எழுதட்டும்.

ஒவ்வொரு பொருளருகிலும் மூன்று வரி: எங்கே கிடைத்தது, எப்படி அறிந்தோம், எது தெரியாது. வேறு எந்த விதியும் வேண்டா, மற்றொன்றைத் தவிர. ஒரு திங்கள் முடிந்ததும் பொருள்கள் உரியவர் வீட்டிற்கு நம் கையாலேயே திரும்ப வேண்டும். மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களை நத்தம் முன்னரே பார்த்துவிட்டது.

அந்தக் காட்சியைத் திறந்து வைக்க அமைச்சரைத் தேட வேண்டா. மட்கலத்தின் முன் கைகூப்பி நின்றாரே, அத்தகைய ஒருவர் நம் ஊரிலும் சக்கரம் சுழற்றிக்கொண்டிருப்பார். அவரை அழையுங்கள். கைகூப்புவதற்கு அன்று, கற்பிப்பதற்கு.